டிவியை எட்டும் கைகள்

கைபேசியில் போட்டு வைத்த ஆன்டிவைரஸ் ஆப் ஒரு மாலை வீட்டு வைஃபையைத் துழாவிப் பார்த்துவிட்டுச் சிவப்பு எழுத்தில் சொல்கிறது: உங்கள் நெட்வொர்க்கில் உள்ள டிவியில் பாதுகாப்புக் குறை இருக்கிறது. சித்தூர் கிரீம்ஸ்பேட்டையில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். அந்த நேரத்தில் டிவியில் தமிழ்த் தொடர் ஓடிக்கொண்டிருக்கும். காலையில் அதே திரையில் எஸ்விபிசி சானலில் ஏழுமலையான் சேவை ஓடியிருக்கும். நகரி, புத்தூர், சத்தியவேடு பக்கம் பல வீடுகளில் இதுதான் வழக்கம். படம் தெளிவாக வருகிறது, ஒலியிலும் குறையில்லை. பிறகு ஆப் எந்தக் குறையைச் சொல்கிறது?

சிலர் எரிச்சலில் ஆப்பையே நீக்கிவிடுகிறார்கள். சிலர் பயந்துபோய் டிவியின் பிளக்கைப் பிடுங்கி வைக்கிறார்கள். தொடர் தொடங்கும் நேரம் வந்ததும் மறுபடி மாட்டுகிறார்கள். மற்றவர்கள் கேபிள்காரரைக் கூப்பிடுகிறார்கள். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார், விடுங்க" என்கிறார் அவர். பாதி நேரம் அவர் சொல்வது சரிதான். மற்றப் பாதியை அடையாளம் காண ஒரு கேள்வி போதும்: அந்தக் குறையை யார், எங்கிருந்து எட்ட முடியும்? எச்சரிக்கை எவ்வளவு பெரிய எழுத்தில் வந்தாலும் இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கும்வரை அதை நம்பவும் வேண்டாம், ஒதுக்கவும் வேண்டாம்.

எச்சரிக்கையை ஒதுக்கினால் என்ன ஆகும் என்பதை இந்த மாவட்டம் ஒருமுறை பார்த்திருக்கிறது. 2017 மே 12 அன்று கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வான்னாக்ரை என்ற பணயத் தீநிரல் உலகெங்கும் கிளம்பியது. விண்டோஸில் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ள உதவும் சேவையில் இருந்த ஓட்டைதான் அதன் நுழைவழி. மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே அதற்குத் திருத்தம் வெளியிட்டுவிட்டது. இரண்டு மாத அவகாசம் இருந்தும், சித்தூர், கிருஷ்ணா, குண்டூர், விசாகப்பட்டினம், ஸ்ரீகாகுளம் மாவட்டங்களில் 18 காவல்துறை அலுவலகங்களின் கணினிகள் சிக்கின. திருப்பதி அப்போது சித்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது. சில நாட்களில் திருமலை திருப்பதி தேவஸ்தான அலுவலகக் கணினிகள் சிலவும் முடங்கின. யாரோ ஒருவர் தவறான இணைப்பைத் தட்டியதால் மட்டும் இவ்வளவு பரவவில்லை. ஒரு கணினிக்குள் நுழைந்ததும் அந்த நிரல் அதே நெட்வொர்க்கில் 445 என்ற எண்ணுள்ள போர்ட் திறந்திருக்கும் மற்றக் கணினிகளைத் தானே தேடிப் போனது. அடுத்த கணினிக்கு முன்னால் ஆள் உட்கார்ந்திருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை.

டிவியும் அப்படிப் போர்ட் திறந்து வைத்திருக்கும் கணினிதான். எல்ஜியின் வெப்ஓஎஸ், சாம்சங்கின் டைசன், கூகுளின் ஆண்ட்ராய்டு டிவி மூன்றுக்கும் அடியில் இருப்பது லினக்ஸ் கருநிரல். கைபேசியில் ஓடும் யூடியூப் காட்சியை டிவிக்குத் தள்ளிவிட முடிகிறதே, கைபேசியையே ரிமோட்டாக வைத்துக்கொள்ள முடிகிறதே, அதெல்லாம் எப்படி? டிவிக்குள் சில நிரல்கள் ஓயாமல் காத்திருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு போர்ட் எண். அந்த எண்ணுக்குச் செய்தி வந்தால் வாங்கிப் படித்து, கேட்டதைச் செய்கின்றன. செய்தி அனுப்பியது மகளின் கைபேசியா, வேறு யாருமா என்று சரிபார்ப்பது அந்த நிரலின் பொறுப்பு. சரிபார்ப்பில் கோளாறு வந்தால் அதுவே பாதுகாப்புக் குறை.

அந்தப் போர்ட்டை வெளியுலகம் எட்ட முடியாதபடி நடுவில் ரவுட்டர் நிற்கிறது. வீட்டுக்குள் டிவிக்கு 192.168 என்று தொடங்கும் ஓர் உள்முகவரி. வெளியே அந்த முகவரிக்குப் பொருளே இல்லை. உள்ளிருந்து கேட்ட பதிலை மட்டும் ரவுட்டர் உள்ளே விடும். கேட்காமல் வரும் செய்தியைக் கீழே போட்டுவிடும். வாசலுக்கு மட்டும் கனத்த தேக்குக் கதவு, உள்ளே எந்த அறைக்கும் கதவே இல்லை என்று கட்டிய வீடு போன்றதுதான் நம் வீட்டு நெட்வொர்க். உள்ளே வந்துவிட்ட எதுவும் எந்தச் சாதனத்தின் பக்கத்திலும் போய் நிற்கலாம்.

நம் ஊர்களில் இன்னொரு தடுப்பும் உண்டு. பல இணைய நிறுவனங்கள் வீட்டுக்கு ஒரு பொது முகவரி கொடுப்பதில்லை; பல வீடுகளை ஒரே முகவரிக்குப் பின்னால் அடுக்கிவிடுகின்றன. ரவுட்டரின் பக்கத்தில் போய்ப் பார்த்தால், வெளிமுகவரி என்ற இடத்தில் 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கும் முகவரி இருந்தால் உங்கள் வீடு அந்த அடுக்கில் இருக்கிறது என்று பொருள். செலவை மிச்சப்படுத்தச் செய்த ஏற்பாடு பாதுகாப்பாகவும் அமைந்துவிட்டது. ஆனால் ஐபிவி6 முகவரிகளில் இந்த மறைப்பு கிடையாது. ஒவ்வொரு சாதனத்துக்கும் உலகறிந்த முகவரி இருக்கும். அங்கே ரவுட்டரின் ஃபயர்வால் மட்டுமே காவல். அதை அணைத்து வைக்கச் சொல்லும் எந்த யூடியூப் அறிவுரையையும் கேட்காதீர்கள்.

இவ்வளவு தடுப்புக்கும் பின்னால் இருக்கும் டிவி வெளியே தெரியுமா? தெரிந்திருக்கிறது. 2023 நவம்பரில் ருமேனியாவின் பிட்டிஃபென்டர் நிறுவனம் எல்ஜி டிவிகளில் நான்கு குறைகளைக் கண்டு தயாரிப்பாளருக்குத் தெரிவித்தது. 2024 மார்ச் 22 அன்று எல்ஜி திருத்தம் வெளியிட்டது; ஏப்ரல் 9 அன்று விவரம் பொதுவெளிக்கு வந்தது. வெப்ஓஎஸ் 4 முதல் 7 வரையிலான பதிப்புகள் கொண்ட சில மாடல்களில் இந்தக் குறைகள் இருந்தன. முதல் குறை, சிவிஇ என்ற பொதுக் குறைப்பட்டியலில் சிவிஇ-2023-6317 என்று பதிவானது. அது வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

கைபேசி ஆப்பை டிவியோடு இணைக்கும்போது திரையில் ஒரு பின் எண் தோன்றும். அதைக் கைபேசியில் தட்ட வேண்டும். எதிரில் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும்தான் எண் தெரியும் என்பது கணக்கு. எந்த அதிகாரமும் கேட்காத ஒரு வெற்றுக் கணக்குக்கு மட்டும் டிவி பின் கேட்பதில்லை, உடனே கொடுத்துவிடும். தாக்குபவர் முதலில் அப்படி ஒரு வெற்றுக் கணக்கைத் தொடங்கி, அதற்கான சாவியை வாங்கிக்கொள்கிறார். பிறகு முழு அதிகாரமுள்ள இன்னொரு கணக்கைக் கேட்கிறார். கேட்கும்போது முதல் சாவியை நீட்டுகிறார். இப்படி ஒரு சாவி இருக்கிறதா என்று டிவி பார்க்கிறது. இருக்கிறது. அது எந்தக் கணக்கின் சாவி என்று மட்டும் பார்ப்பதில்லை. பின் எண் கேட்காமலே முழு அதிகாரம் கைக்கு வந்துவிடுகிறது. அடுத்த குறைகள் அங்கிருந்து இயங்குதளத்தின் உச்ச அதிகாரம்வரை ஏற உதவின. அவற்றில் ஒன்று பாட்டு வரிகளைத் திரையில் காட்டும் நிரல்தொகுப்பில் இருந்தது. டிவியில் பாட்டு வரி வேண்டும் என்று யார் கேட்டார்களோ தெரியாது. வசதி ஒவ்வொன்றும் எட்டக்கூடிய இன்னோர் இடம்.

இந்தச் சேவை வீட்டு நெட்வொர்க்குக்குள் மட்டும் இருக்க வேண்டியது. ஆனால் இணையத்தில் திறந்து கிடக்கும் சாதனங்களைப் பட்டியலிடும் ஷோடன் என்ற தேடுபொறியில் 91,000-க்கும் மேற்பட்ட சாதனங்கள் இதை வெளியுலகுக்குக் காட்டிக்கொண்டிருந்தன. தேக்குக் கதவை யார் திறந்தார்கள்? சில இடங்களில் டிவி நேரடியாகப் பொது முகவரியில் மாட்டப்பட்டிருக்கும். சில வீடுகளில் யாராவது போர்ட் ஃபார்வர்டிங் போட்டிருப்பார்கள். யுபிஎன்பி என்ற வசதியாலும் இது நடக்கும்: வீட்டுக்குள் இருக்கும் ஒரு சாதனம் "எனக்கு இந்தப் போர்ட்டைத் திறந்துவிடு" என்று கேட்டால், ரவுட்டர் யாரையும் கேட்காமல் திறந்துவிடும். பல ரவுட்டர்களில் இது வாங்கும்போதே இயங்கும் நிலையில் இருக்கிறது. அணைத்துவிட்டால் சில ஆன்லைன் விளையாட்டுகள் முரண்டு பிடிக்கலாம். டிவிக்கு ஒன்றும் குறையாது. அணைத்துவிடுங்கள் என்பதே என் கட்சி.

கிரீம்ஸ்பேட்டை வீட்டுக்குத் திரும்புவோம். அந்த ஆப் எதை வைத்துக் குறை என்றது? இந்த ஆப்கள் டிவியை உடைத்துப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு போர்ட்டையும் தட்டி, உள்ளிருந்து வரும் பதிலில் நிரலின் பெயரும் பதிப்பு எண்ணும் இருக்கின்றனவா என்று படிக்கின்றன. அந்த எண் குறைப்பட்டியலில் இருந்தால் சிவப்பு விளக்கைப் போடுகின்றன. தயாரிப்பாளர் பழைய பதிப்பு எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு ஓட்டையை மட்டும் அடைத்திருந்தால் ஆப்புக்கு அது தெரியாது. 2020 ஜூனில் வெளியான கால்ஸ்ட்ரேஞ்சர் குறையை எடுத்துக்கொள்ளுங்கள். யுபிஎன்பி விதிமுறையிலேயே இருந்த பிழை அது. டிவி, பிரின்டர், விளையாட்டுப் பெட்டி எல்லாவற்றிலும் இருந்தது. அதன் மூலம் ஒரு சாதனத்தை ஏவி, சம்பந்தமில்லாத முகவரிக்குச் செய்திகளைக் குவிக்கலாம். கேட்பதற்குப் பெரிய ஆபத்து. ஆனால் அந்தச் சேவை வெளியிலிருந்து எட்டாமல் ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும் வீட்டில், அதைப் பயன்படுத்த ஒருவர் முதலில் உள்ளே வந்தாக வேண்டும். உள்ளே வந்தவருக்கு இதைவிட எளிதான வேலைகள் நிறைய இருக்கின்றன. இந்த எச்சரிக்கை உண்மைதான், அவசரமில்லை.

அவசரத்தை அளக்க ஒரு முறை ஏற்கெனவே இருக்கிறது. ஒவ்வொரு குறைக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண் போடும் சிவிஎஸ்எஸ் முறையில், எண்ணைவிட முக்கியமான ஒரு வரி உண்டு: எங்கிருந்து தாக்கலாம் என்பது. இணையத்தின் எந்த மூலையிலிருந்தும், அதே நெட்வொர்க்கிலிருந்து மட்டும், சாதனத்துக்குள்ளிருந்து மட்டும், கையால் தொட்டால் மட்டும் என்று நான்கு வகை. 2017 மார்ச் 7 அன்று விக்கிலீக்ஸ் வெளியிட்ட சிஐஏ ஆவணங்களில் வீப்பிங் ஏஞ்சல் என்ற திட்டம் இருந்தது. சாம்சங் எஃப்8000 டிவியை அணைத்ததுபோல் காட்டி, அறையில் பேசுவதைப் பதிவு செய்யும் நிரல் அது. உலகமே அலறியது. அதை ஏற்ற யுஎஸ்பி டிரைவோடு ஓர் ஆள் டிவியின் முதுகுப்பக்கம் போக வேண்டும். சித்தூரில் ஒரு குடும்பத்தின் கூடத்துக்கு அப்படி ஓர் உளவாளி வரப்போவதில்லை.

நம் நாட்டு எச்சரிக்கைகளை வெளியிடுவது செர்ட்-இன். மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் கீழ் 2004 முதல் இயங்கும் அமைப்பு. கூகுள் மாதாமாதம் ஆண்ட்ராய்டு திருத்தங்களை வெளியிட, அதையொட்டி இங்கேயும் குறிப்பு வருகிறது. மறுநாள் "ஆண்ட்ராய்டு பயனாளர்களுக்கு மத்திய அரசு கடும் எச்சரிக்கை" என்று தலைப்பு வருகிறது. மூலக் குறிப்பைத் திறந்து பார்த்தால் எந்தப் பதிப்பு, என்ன பாதிப்பு, தீர்வு என்ன என்று ஒழுங்காகவே எழுதியிருப்பார்கள். தீர்வு பெரும்பாலும் ஒரே வரி: தயாரிப்பாளர் தரும் அப்டேட்டைப் போடுங்கள். செய்தித்தாளின் தலைப்பில் அந்த வரிக்கு மட்டும் இடம் கிடைப்பதில்லை.

இனி அவசரமானதற்கு வருவோம். கனத்த கதவைத் தட்டாமலே உள்ளே வரும் வழி, நாமே கையில் தூக்கிக்கொண்டு வருவது. பழைய டிவியை ஸ்மார்ட் டிவியாக்கும் பெட்டி என்று பெயர் தெரியாத கம்பெனிகளின் ஆண்ட்ராய்டு பெட்டிகள் ஆன்லைனிலும் கடைத்தெருவிலும் கிடைக்கின்றன. எல்லா ஓடிடியும் இலவசம் என்று சொல்லி விற்பார்கள். 2023 ஜனவரியில் கனடாவின் பாதுகாப்பு ஆலோசகர் டேனியல் மிலிசிக், தான் ஆன்லைனில் வாங்கிய டி95 என்ற பெட்டி பிரித்து மாட்டிய நாள் முதலே தீநிரலோடு இருந்ததைக் காட்டினார். ஆய்வாளர்கள் தொடர்ந்து தோண்டியபோது பேட்பாக்ஸ் என்ற பெரிய வலை வெளிப்பட்டது. அதன் இரண்டாம் வடிவம் குறித்து 2025 ஜூன் 5 அன்று அமெரிக்காவின் எஃப்பிஐ பொதுமக்களை எச்சரித்தது. அடுத்த மாதம் கூகுள் வழக்குத் தொடுத்தபோது ஒரு கோடிக்கும் மேற்பட்ட சாதனங்கள் சிக்கியிருப்பதாகச் சொன்னது.

இந்தியாவுக்கு நேராக வந்த அடி வோய்ட் என்ற தீநிரல். 2024 செப்டம்பரில் ரஷ்யாவின் டாக்டர் வெப் நிறுவனம் 197 நாடுகளில் சுமார் 13 லட்சம் டிவி பெட்டிகளில் இதைக் கண்டது. 2025 பிப்ரவரியில் சீனாவின் எக்ஸ்லேப் ஆய்வாளர்கள் கணக்கெடுத்துக்கொண்டிருந்தபோதே, சில ஆயிரமாக இருந்த இந்தியப் பெட்டிகளின் எண்ணிக்கை திடீரென்று இரண்டு லட்சத்தைத் தாண்டியது. அந்த ஆண்டின் இறுதியில் அதே எக்ஸ்லேப் கிம்வுல்ஃப் என்ற இன்னொன்றைப் பற்றி எழுதியது: 18 லட்சத்துக்கும் மேற்பட்ட சாதனங்கள், பெரும்பாலும் ஆண்ட்ராய்டு டிவி பெட்டிகள், பிரேசிலுக்கு அடுத்து அதிகம் இந்தியாவில்.

இவற்றால் பெட்டிக்காரருக்கு என்ன நஷ்டம்? படம் நிற்பதில்லை, பணம் போவதில்லை. அதனால்தான் யாரும் கண்டுகொள்வதில்லை. இந்தப் பெட்டிகளின் தொழில் உங்கள் முகவரியை வாடகைக்கு விடுவது. எங்கோ இருக்கும் ஒருவர் பணம் கொடுத்து உங்கள் வீட்டு இணைய முகவரி வழியாக வெளியே போகிறார். திருடிய கடவுச்சொற்களைச் சோதித்துப் பார்ப்பது, போலி விளம்பரக் கிளிக், இணையதளங்களைத் திணறடிக்கும் தாக்குதல் எல்லாம் உங்கள் முகவரியிலிருந்து போனதாகவே பதிவாகும். கிம்வுல்ஃப் இன்னும் ஒரு படி மேலே போனது. அப்படி வாடகைக்கு விட்ட வழியிலேயே திரும்பி வீட்டுக்குள் நுழைந்து, அங்கே 5555 என்ற போர்ட்டைக் கடவுச்சொல் இல்லாமல் திறந்து வைத்திருக்கும் பெட்டிகளைத் தேடியது. மென்பொருள் எழுதுபவர்கள் சோதனைக்குப் பயன்படுத்தும் ஏடிபி என்ற வாசல் அது. விற்பனைக்கு வரும்போது மூடியிருக்க வேண்டும், பல மலிவுப் பெட்டிகளில் மூடுவதில்லை. ரவுட்டருக்குப் பின்னால் இருப்பது பத்திரம் என்று இருபது ஆண்டுகளாகச் சொல்லிவந்த பாடம் இங்கே உடைந்தது.

பிராண்டு டிவி வைத்திருப்பவர்களும் இதையே வேறு விதத்தில் செய்கிறார்கள். புதுப்படம் இலவசம் என்று வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பை, பிளே ஸ்டோருக்கு வெளியே இருந்து இறக்கி டிவியில் போடுவது. தெலுங்குப் படங்களின் திருட்டுப் பிரதிகளுக்குப் பேர்போன ஐபொம்மா தளத்தை நடத்தியவரை ஹைதராபாத் போலீஸ் 2025 நவம்பரில் கைது செய்தது. அதன் பிறகும் பெயரை மாற்றிக்கொண்டு ஆப்கள் சுற்றுகின்றன. 2016 கிறிஸ்துமஸ் சமயத்தில் அமெரிக்காவில் ஒரு குடும்பம் படம் பார்க்க ஓர் ஆப்பைப் போட்டதும், அவர்களுடைய கூகுள் டிவி பணயத் தீநிரலால் பூட்டிக்கொண்டது. இலவசப் படம் என்ற ஆசை எல்லா நாட்டுக்கும் பொது.

சந்தேகம் இருந்தால் பார்த்துக்கொள்ள வழி இருக்கிறது. சான்று பெற்ற ஆண்ட்ராய்டு டிவி பிராண்டுகளின் பட்டியலைக் கூகுள் வெளியிட்டிருக்கிறது. உங்கள் பெட்டியின் பெயர் அதில் இல்லை, தயாரிப்பாளருக்கு ஓர் இணையதளம்கூட இல்லை என்றால் அதைக் கழற்றிவிடுவதைத் தவிர வேறு வைத்தியம் இல்லை. ஃபேக்டரி ரீசெட் செய்தாலும் போகாது. தீநிரல் இருப்பது ரீசெட் எட்டாத இடத்தில். செர்ட்-இன் 2017 பிப்ரவரியில் தொடங்கிய சைபர் ஸ்வச்தா கேந்திரா என்ற மையம், இணைய நிறுவனங்களோடு சேர்ந்து, தீநிரல் பிடித்த சாதனம் இருக்கும் இணைப்புகளுக்குத் தகவல் அனுப்புகிறது. அப்படி ஒரு செய்தி வந்தால் விளம்பரம் என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். அதே நேரம், அதில் உள்ள இணைப்பைத் தட்டாமல் நிறுவனத்தின் வாடிக்கையாளர் எண்ணை நீங்களே கூப்பிட்டு உறுதி செய்யுங்கள்.

திருப்பதிக்கே உரிய ஒரு நிலைமையும் உண்டு. பேருந்து நிலையத்தையும் ரயில் நிலையத்தையும் சுற்றி எத்தனையோ லாட்ஜுகள். அறைக்கு அறை ஸ்மார்ட் டிவி. பல இடங்களில் எல்லா அறைக்கும் ஒரே வைஃபை, ஒரே கடவுச்சொல். வீட்டுக்குள் குடும்பம் மட்டும் இருக்கிறது என்ற நம்பிக்கையில் வடிவமைத்த சாதனத்தை, தினமும் ஆள் மாறும் இடத்தில் மாட்டியிருக்கிறார்கள். "அதே நெட்வொர்க்கிலிருந்து மட்டும் தாக்கலாம்" என்று வீட்டுக்கு ஆறுதல் தரும் வரி இங்கே ஆறுதல் இல்லை. அடுத்த அறைக்காரரும் அதே நெட்வொர்க்தான். சென்னையிலிருந்தும் வேலூரிலிருந்தும் தரிசனத்துக்கு வருபவர்கள் பிள்ளைகளுக்காகத் தங்கள் யூடியூப், நெட்ஃபிளிக்ஸ் கணக்கை அறை டிவியில் திறந்துகொடுத்துவிட்டு, விடியற்காலை மலைக்குக் கிளம்பும் அவசரத்தில் அப்படியே விட்டுவிடுகிறார்கள். இதற்கு எந்தச் சிவிஇ எண்ணும் தேவையில்லை. அடுத்து வருபவர் உங்கள் பார்வைப் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஊர் திரும்பிய பிறகும் கைபேசியில் கணக்கின் சாதனப் பட்டியலைத் திறந்து அந்த டிவியை வெளியேற்றலாம். லாட்ஜ் நடத்துபவர்களுக்கு ஒரு சொல்: வைஃபை கருவிகளில் ஒரு சாதனம் இன்னொன்றைப் பார்க்க முடியாதபடி பிரிக்கும் வசதி பெரும்பாலும் இருக்கிறது. தேடிப் பிடித்து அதைப் போட்டுவிடுங்கள்.

திருப்பதியைப் பற்றிப் பேசுவதற்கு லாட்ஜ் மட்டும் காரணமில்லை. நாட்டின் டிவிகளில் ஒரு பெரும் பங்கு இங்கேதான் உருவாகிறது. ஷாவ்மியின் டிவிகளை டிக்ஸன் டெக்னாலஜிஸ் திருப்பதி ஆலையில் தயாரிப்பதாக 2018-ல் அறிவிப்பு வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஏர்ப்பேடு மண்டலத்து விக்ருதமாலாவில் டிசிஎல் நிறுவனத்தின் திரைப்பலகை ஆலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். 2020 ஜூலை இறுதியில் மத்திய அரசு வண்ண டிவி இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. உள்நாட்டுத் தயாரிப்புக்கு அது பெரிய உந்துதல். ஆனால் விக்ருதமாலாவில் திருகு முடுக்கும் கையிலிருந்து மென்பொருள் பிறப்பதில்லை. அடித்தளம் கூகுளிடமிருந்து வருகிறது. அதைத் தன் சிப்புக்கு ஏற்றபடி தைவானிலோ ஷாங்காயிலோ இருக்கும் சிப் நிறுவனம் மாற்றித் தருகிறது. அதன்மேல் பிராண்டு தன் முகப்பையும் ஆப்களையும் ஏற்றுகிறது. ஒரு குறைக்கான திருத்தம் இத்தனை கைகளையும் தாண்டி உங்கள் கூடத்துக்கு வர வேண்டும். நடுவில் ஒருவர் இந்த மாடலை இனி பார்ப்பதில்லை என்று முடிவு செய்தால் அங்கேயே நின்றுவிடும்.

டிசிஎல்லின் சொந்தக் கதையே உதாரணம். 2020-ல் இரண்டு ஆய்வாளர்கள் அதன் ஆண்ட்ராய்டு டிவிகள் சிலவற்றில் 7989 என்ற போர்ட் வழியே, அதே நெட்வொர்க்கில் இருக்கும் யாரும் சாதாரண பிரவுசரில் டிவியின் முழுக் கோப்பகத்தையும் கடவுச்சொல் இல்லாமல் மேயலாம் என்று கண்டார்கள். சிவிஇ-2020-27403 என்று பதிவானது. அவர்கள் சோதித்த டிவியில் ஒருநாள் ஓசையில்லாமல் குறை மறைந்தது; திரையில் அறிவிப்பும் வரவில்லை, உரிமையாளரிடம் அனுமதியும் கேட்கவில்லை. ஓட்டை அடைபட்டது நல்லதுதான். கேட்காமல் உள்ளே வந்து எதையும் மாற்ற முடியும் என்பதும் அதே நாளில் தெரிந்துபோனது.

தயாரிப்பாளரின் கையும் டிவியை எட்டும் கைதானே என்று நீங்கள் கேட்கலாம். உண்மை. திரையில் என்ன ஓடுகிறது என்பதை அடையாளம் கண்டு அனுப்பும் ஏசிஆர் என்ற நுட்பத்துக்காக விசியோ நிறுவனம் 2017-ல் அமெரிக்காவில் 22 லட்சம் டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டது. 2025 டிசம்பரில் டெக்சஸ் மாநிலம் சோனி, சாம்சங், எல்ஜி, ஹைசென்ஸ், டிசிஎல் ஐந்தின் மீதும் இதற்காக வழக்குப் போட்டிருக்கிறது. அமைப்புகளில் விளம்பரம், பார்வைத் தகவல் என்ற தலைப்புகளின் கீழ் இதை அணைக்கலாம். இது பிழையல்ல, திட்டமிட்டுச் செய்தது. ஆகவே எந்த ஆன்டிவைரஸும் சிவப்பு விளக்குப் போடாது.

கிரீம்ஸ்பேட்டை வீட்டார் என்ன செய்யலாம்? டிவியின் அமைப்புகளில் மாடல் எண்ணையும் மென்பொருள் பதிப்பையும் எழுதிக்கொண்டு, எச்சரிக்கை சொல்லும் மாடலும் பதிப்பும் அதுதானா என்று பார்க்கலாம். பல நேரம் அங்கேயே விஷயம் முடிந்துவிடும். தானியங்கி அப்டேட்டைப் போட்டு வைக்கலாம். டெவலப்பர் ஆப்ஷன்ஸில் ஏடிபி திறந்திருந்தால் மூடலாம். ரவுட்டரின் அட்மின் கடவுச்சொல் வாங்கிய நாளில் இருந்ததாகவே இருந்தால் இன்றே மாற்ற வேண்டும். 2016-ல் மிராய் என்ற நிரல் அறுபத்துச் சொச்சம் தொழிற்சாலைக் கடவுச்சொற்களை மட்டும் முயன்றுபார்த்தே லட்சக்கணக்கான கருவிகளைப் பிடித்தது. ரவுட்டரில் விருந்தினர் வைஃபை இருந்தால் டிவியை அதற்கு மாற்றிவிடுவது நல்லது. வங்கி வேலை பார்க்கும் கைபேசியும் கணினியும் ஒரு பக்கம், டிவி மறுபக்கம். இதற்கு ஒரு விலை உண்டு: கைபேசியிலிருந்து டிவிக்குக் காட்சியை அனுப்புவது நின்றுபோகும். பேரப்பிள்ளையின் பிறந்தநாள் வீடியோவைத் தினமும் பெரிய திரையில் பார்க்கும் வீட்டில் இந்த யோசனை ஒருநாள்கூடத் தாங்காது; அவர்கள் அப்டேட்டையும் யுபிஎன்பியையும் மட்டும் கவனித்துக்கொண்டால் போதும்.

அப்டேட் நின்றுபோன பழைய டிவிக்கு வேறு வழி. அதன் வைஃபை கடவுச்சொல்லை அழித்து இணையத்திலிருந்து பிரித்துவிடுங்கள். கேபிளும் செட்டாப் பாக்ஸும் வழக்கம்போல ஓடும். ஓடிடி வேண்டுமென்றால் தெரிந்த நிறுவனத்தின் சான்று பெற்ற ஸ்டிக் ஒன்றைச் சொருகிக்கொள்ளலாம். இன்னும் சில ஆண்டுகள் கழித்து மாற்ற வேண்டியது ஸ்டிக் மட்டும்தான். ஆந்திர ஃபைபர்நெட் 2017 டிசம்பரில் 149 ரூபாய்க்கு இணையம், தொலைபேசி, டிவி மூன்றையும் ஒரே இணைப்பில் கொண்டுவந்த பிறகு, பல கிராமங்களில் இணையம் டிவியோடு சேர்ந்தே வீட்டுக்குள் வந்தது. அப்படி வந்த இணைப்பில் மோடத்தின் கடவுச்சொல்லை மாற்ற வேண்டும் என்று கேபிள்காரரிடம் கேட்பது உங்கள் உரிமை.

ஆனாலும் பழைய டிவிக்கு எந்த நாளோடு அப்டேட் நிற்கும் என்பது வாங்குபவருக்கு வாங்கும்போதே தெரிய வேண்டாமா? சாம்சங் 2024 மாடல்கள் முதல் ஏழு ஆண்டு இயங்குதள மேம்பாடு என்கிறது. எல்ஜி ஐந்து ஆண்டில் நான்கு மேம்பாடு என்கிறது. நம் வீடுகளில் அதிகம் விற்கும் மலிவு பிராண்டுகள் பலவற்றின் அட்டைப்பெட்டியில் இதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் அமலில் இருக்கும் சட்டப்படி, பாதுகாப்புத் திருத்தம் எதுவரை என்று தயாரிப்பாளர் வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். டிவிக்கும் இது பொருந்தும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2027 டிசம்பர் 11 முதல் இதைவிடக் கடுமையான விதி வருகிறது. இந்தியாவில் சிசிடிவி கேமராவுக்கு 2025 ஏப்ரல் 9 முதல் பாதுகாப்புச் சோதனை கட்டாயம். டிவி பெட்டியின் மேல் மின்சாரச் செலவுக்கு நட்சத்திரம் இருக்கிறது, அதிகபட்ச விலை இருக்கிறது. திருத்தம் எதுவரை என்ற தேதி மட்டும் இல்லை. அந்தத் தேதியைச் சட்டம் கேட்கும்வரை நாம்தான் கேட்க வேண்டும். அடுத்த டிவி வாங்கப் போகும்போது இன்ச்சையும் தள்ளுபடியையும் விசாரித்த கையோடு, எந்த ஆண்டுவரை பாதுகாப்பு அப்டேட் வரும் என்று கடைக்காரரிடம் கேளுங்கள். அவர் சொல்லும் பதிலைப் பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.